அமெரிக்கப் பள்ளி மாணவிக்குக் கனடாவில் இடம் கிடைக்க வாய்ப்பு எப்படி?

கேள்வி: டெக்சஸில் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் அமெரிக்கக் குடிமகள், பள்ளி மதிப்பெண் சராசரி (ஜிபிஏ) 3.8. பள்ளியிலேயே கற்பிக்கப்படும் கல்லூரி நிலைப் பாடங்களான ஏபி கால்குலஸும் ஏபி வேதியியலும் படிக்கிறாள். இயற்பியல் இன்னும் எடுக்கவில்லை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பொறியியல் அல்லது மெக்கில் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்க விரும்புகிறாள். அவளுடைய விவாதக் குழு அனுபவமும் தன்னார்வப் பணியும் எந்த அளவுக்குக் கைகொடுக்கும்?

பதில் 1: மெக்கில் பெரும்பாலான இளநிலைப் படிப்புகளுக்குக் கட்டுரையோ பரிந்துரைக் கடிதமோ கேட்பதில்லை; ஏறத்தாழ முழுக்க மதிப்பெண்ணை வைத்தே முடிவெடுக்கிறது. ஆகவே அங்கே விவாதக் குழுவுக்குப் பெரிய பயன் இராது. வாட்டர்லூவில் நிலைமை வேறு: பொறியியலுக்கு விண்ணப்பிப்போர் சேர்க்கைத் தகவல் படிவம் ஒன்றையும் நிரப்ப வேண்டும், பள்ளிக்கு வெளியே செய்த பணிகளுக்கு அதில்தான் மதிப்பு. ஆனால் இயற்பியல் இல்லாமல் அந்தப் படிவம் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் பயனில்லை என்பதால், பன்னிரண்டாம் வகுப்பில் அதை அவசியம் எடுக்கச் சொல்லுங்கள்.

பதில் 2: வாட்டர்லூவில் மென்பொருள் பொறியியலுக்குப் போட்டி மிகக் கடுமை, அதை மட்டுமே நம்பியிருப்பது சரியல்ல என்பது என் கருத்து. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தையும் பாருங்கள்; அங்கே தன்விவரக் கேள்விகளுக்கு மாணவியே தன் சொற்களில் விடை எழுத வேண்டும்.

பதில் 3: அமெரிக்கக் குடிமக்கள் கனடாவில் படிக்க அந்நாட்டு அரசு தரும் கல்வி அனுமதிக்குக் கனடாவின் நுழைவு முனையிலேயே (எல்லைச் சாவடி, விமான நிலையம்) விண்ணப்பிக்கலாம். இருப்பினும் 2024 முதல் இளநிலை மாணவர்களுக்கு மாகாணச் சான்றுக் கடிதம் (தன் மாணவர் ஒதுக்கீட்டில் இடம் உண்டு என்று மாகாண அரசு தருவது) தேவைப்படுகிறது. மெக்கில் என்றால், அது இருக்கும் கியூபெக் மாகாணத்தில் படிக்க அம்மாகாண அரசு தரும் ஏற்புச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.