வால் ஒட்டுனதுலேருந்து பிளேன் மூக்கத் தூக்குது, பேலன்ஸ் பாயின்ட் எங்க வைக்கிறது?

பாபநாசத்தான்
அண்ணன்மாருக்கு வணக்கம். ஃபோம் போர்டுல ஒரு ஹை விங் ட்ரெய்னர் (றெக்கை உடம்புக்கு மேல இருக்கற, பழகறதுக்கான ரிமோட் பிளேன்) கட்டிருக்கேன். றெக்கை நீளம் 120 செ.மீ, அகலம் நுனி வரைக்கும் ஒரே மாதிரி 20 செ.மீ, 3 செல் 2200 பேட்டரி, எல்லாம் சேத்து 900 கிராம். போன மாசம் உளுந்து எடுத்த வயல்ல முதல் தடவை விட்டேன், கொஞ்சம் துள்ளுச்சு ஆனா பறந்துச்சு, எறக்குறப்போ வரப்புல தட்டி வால் ஒடிஞ்சிருச்சு. மூங்கில் சிம்பு வச்சு ஹாட் குளூ ஊத்தி கெட்டியா ஒட்டுனேன். அதுலேருந்து கையை விட்டு எடுத்தாலே மூக்கத் தூக்கிக்கிட்டு நட்டுக்குத்தலா ஏறுது, அப்படியே நின்னு ஒரு றெக்கை சாஞ்சு பொத்துன்னு விழுவுது, ரிமோட்ல டவுன் ட்ரிம் (மூக்கைத் தாழ்த்தி நிறுத்தற செட்டிங்) முழுசா குடுத்தும் அடங்கல. பிளான் ஜெராக்ஸ்ல சிஜி (பேலன்ஸ் பாயின்ட்) குறி விழவே இல்ல. ரெண்டு விரல்ல தூக்கிப் பாத்தா நேராத்தான் நிக்கிற மாதிரி தெரியுது. ஜூன்ல தண்ணி தொறந்து குறுவைக்கு வயல் கலங்கிட்டா எறக்க எடம் கெடையாது, அதுக்குள்ள இதப் பறக்க வச்சிடணும்.

கொள்ளிடக்கரை
தம்பி, விரலை நம்பாதீங்க. விரல் நுனி அகலமே ஒண்ணரை செ.மீ கிட்ட வரும், நாம தேடுற வித்தியாசமே 5 மி.மீ, 10 மி.மீ தான். ரெண்டு பென்சிலை ரப்பர் மேல இருக்கற மாதிரி ரெண்டு செங்கல்லோட கட்டி நிறுத்துங்க, நடுவுல உடம்பு போற அளவுக்கு எடம் விடுங்க. றெக்கை அடியில முன் விளிம்புலேருந்து 50, 55, 60, 65, 70 மி.மீ-ல செல்லோடேப் ஒட்டி ஸ்கேல் வச்சு கோடு போடுங்க, ரெண்டு பக்கமும். உங்களது நேர் றெக்கைங்கறதால கணக்கு சுலபம், அகலத்துல 25 லேருந்து 30 சதவீதம், அதாவது 50-60 மி.மீ-க்குள்ள வரணும், புதுசா விடறவங்க முன்பக்கமா வச்சு ஆரம்பிக்கறதுதான் பத்திரம். (நுனி சிறுத்த றெக்கைன்னா சராசரி அகலம் கண்டுபிடிச்சு அதுல இந்த சதவீதம் எடுக்கணும், வாலே இல்லாத பறக்கும் றெக்கைன்னா 15-20 தான்.) பேட்டரி, ப்ரொப்பெல்லர் எல்லாம் மாட்டி, பறக்கப் போற மாதிரியே ரெடி பண்ணிட்டு, வீட்டு ஃபேனை நிறுத்திட்டு வைங்க. லேசா மூக்கு தாழ்ந்து நிக்கற கோடுதான் உங்க பாயின்ட். இப்ப எங்க நிக்குதுன்னு சொல்லுங்க, அந்த ஒட்டு எத்தன கிராம் வரும்னும் சொல்லுங்க, எனக்கு சந்தேகமே அதுமேலதான்.

பாபநாசத்தான்
அண்ணே, 70-ல நிக்குது! ஒட்டை சொரண்டி எடுத்து நகைத் தராசுல போட்டேன், சிம்பும் பசையுமா 12 கிராம். இத்துனூண்டு 12 கிராம் இவ்வளவு வேலை காட்டுமா?

மன்னை கிளைடர்
காட்டும். ஏத்தம் எறைக்கறதப் பாத்த ஊர்க்காரங்க நாம, நீளம் கூடுனா சின்ன வெயிட்டு பெருசா இழுக்கும்னு தெரியாதா. நாம வைக்கப்போற பாயின்ட் 55 மி.மீ-ன்னு வச்சுக்குங்க, அதாவது 15 மி.மீ முன்னாடி வரணும், 900 கிராமை 15-ஆல பெருக்குனா 13,500. இத எப்படியாச்சும் ஈடு கட்டணும். வால் அங்கேருந்து ஒரு 550 மி.மீ பின்னாடி இருக்கும், 12 பெருக்கல் 550, 6,600 ஆச்சு, பாதி அதுலயே போச்சு பாருங்க. பேட்டரி 180 கிராம் இருக்கும், 40 மி.மீ முன்னாடி தள்ளுனா 7,200. ரெண்டும் சேந்தா 13,800, முடிஞ்சுது, ஒரு கிராம் ஈயம் வேணாம். இதே ஒட்டை அப்படியே விட்டுட்டு மூக்குல வெயிட் வச்சு சரிக்கட்டுனா, மூக்கு 250 மி.மீ தான் தள்ளி இருக்கும், 26 கிராம் ஈயம் ஏத்தணும், பிளேன் மொத்தமா கனத்துப்போயி வேகமா எறங்கும், திரும்ப வால் ஒடியும். வாலுக்கு எப்பவும் மெல்லிசா கார்பன் குச்சி, துளி பசை, அவ்வளவுதான். வேற வழியே இல்லன்னா மட்டும் வீச்சு வலை ஈயக் குண்டோ, வீல் பேலன்ஸ் கடையில ஒட்டுற வெயிட்டோ வாங்கி மூக்குக்கு உள்ள நுனியில வைங்க.

வெண்ணாத்து விமானி
நடுவுல குறுக்க கேக்கறேன், பேட்டரிய உடம்புக்கு அடியில தொங்கற மாதிரி வச்சா நம்ம தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை மாதிரி தானா நிமிந்துக்காதா?

கொள்ளிடக்கரை
பொம்மைக்கு தரை இருக்கு தம்பி, உருண்ட அடி தரையில உருள்றதாலதான் அது நிமிருது. பிளேனுக்கு மூக்குத் தூக்கறது எறங்கறதைத் தீர்மானிக்கறது முன்ன பின்ன எங்க வெயிட் இருக்குங்கறதுதான், மேல கீழ அதுக்கு ரொம்பக் கம்மிதான் பேசும். வெயிட்டு பின்னாடி போகப் போக வாலோட பிடி தளந்துக்கிட்டே வரும், ஒரு எடம் தாண்டிட்டா மூக்கு தூக்கினதத் தானா எறக்காது, இன்னும் தூக்கும். பாபநாசம் தம்பிக்கு அதான் நடந்துச்சு, ட்ரிம்மால அத சரி பண்ண முடியாது.

தம்பி, 55-ல வச்சு விட்டதும் வேலை முடிஞ்சுதுன்னு நெனைக்காதீங்க, மிச்சத்தை ஆகாசத்துலதான் பாக்கணும். பாதி த்ராட்டில்ல (மோட்டார் வேகம்) நேரா போற மாதிரி ட்ரிம் பண்ணுங்க, நல்லா ஒசரம் போங்க, மோட்டாரை நிறுத்திட்டு 45 டிகிரி கீழ இறக்கி ஸ்டிக்கை விட்டுடுங்க. சட்டுன்னு மேல வளைஞ்சா மூக்கு கனம், இன்னும் செங்குத்தா கவுந்தா வால் கனம் (ஒடனே மெதுவா இழுத்து எடுங்க), மெல்ல மெல்ல நிமிந்தா நல்ல எடம். ஒண்ணு கவனம், த்ராட்டில் குடுக்கறப்போ மட்டும் மூக்கு தூக்கினா அது சிஜி இல்ல, மோட்டாரைக் கொஞ்சம் கீழ பாக்க சாய்க்கணும், ரெண்டையும் குழப்பிக்கிட்டு நான் ஒரு சீசனையே வீணாக்கிருக்கேன். அப்புறம் தஞ்சாவூர் ஏர்ஃபோர்ஸ் ஸ்டேஷன் பக்கம் எடுத்துட்டுப் போயிடாதீங்க, அங்க விடவே கூடாது.

பாபநாசத்தான்
அண்ணே இன்னைக்குக் காலையில ஆறு மணிக்கு, காத்து கெளம்பறதுக்கு முன்னாடி விட்டேன். ஒட்டை வழிச்செடுத்துட்டு கார்பன் குச்சி வச்சேன், பேட்டரி மூக்கு சுவத்துல போயி இடிக்கற வரைக்கும் தள்ளி பென்சில்ல வச்சா சரியா 55. கையை விட்டதும் வயல் மேல தண்ணி ஓடற மாதிரி போச்சு, கை நடுக்கம் நிக்கவே ரெண்டு ரவுண்டு ஆச்சு எனக்கு. நீங்க சொன்ன மாதிரி கவுத்து விட்டுப் பாத்தேன், சட்டுன்னு மேல வந்துச்சு, எறக்குறப்பவும் எலிவேட்டர் (வால்ல மூக்கை ஏத்தி எறக்கற பலகை) முழுசா இழுக்க வேண்டியிருந்துச்சு. அதனால பேட்டரிய 10 மி.மீ பின்னாடி வாங்கி (57 காட்டுது) திரும்ப ட்ரிம் பண்ணி விட்டேன், இப்ப மெதுவா நிமிருது, வரப்பு தாண்டி தாழ வந்து உளுந்துக் கட்டை மேல உக்காந்துச்சு, வால்ல ஒரு கீறல் இல்ல. பேட்டரி எடத்துல மார்க்கர்ல கோடு போட்டுட்டேன். அடுத்த பேட்டரி 30 கிராம் கூட வரும்னு சொல்றாங்க, அதுக்கு கோட்டை எவ்வளவு பின்னாடி போடணும்னு நானே கணக்குப் போட்டு ராத்திரி இங்க போடறேன், தப்பா இருந்தா சொல்லுங்க.