தக்காளிச் செடி பச்சையாவே வாடுது, யாராவது சொல்லுங்களேன்

சத்துவாச்சாரி: மாடியில பத்துப் பையில தக்காளி வெச்சிருக்கேன். பிஞ்சு விட்டாச்சு. நாலு நாளா ஒரு செடி மதியம் துவண்டு சாயங்காலம் எழுந்துக்குச்சு. நேத்துல இருந்து எழுந்துக்கவே இல்ல. வெந்நீர்ல போட்ட கீரை மாதிரி தொங்குது, ஆனா இலை பச்சைதான். வேலூர் வெயிலாச்சேன்னு ரெண்டு வேளையும் தண்ணி ஊத்தினேன். மாமனார் டிரைகோடெர்மா (நோய்ப் பூஞ்சையை அடக்குற நல்ல பூஞ்சை) போடச் சொல்றார்.

காட்பாடி: தண்ணியை முதல்ல குறைங்கக்கா. ஃபியூசேரியம் பூஞ்சைன்னா கீழ் இலையில இருந்து மஞ்சளாகிட்டு வரும், பல சமயம் ஒரு பக்கம் மட்டும். டிரைகோடெர்மா அதுக்குத்தான். பச்சையாவே தொங்கினா பாக்டீரியா வாடலா இருக்கலாம். அடித்தண்டுல ரெண்டு அங்குலம் வெட்டி, கண்ணாடி டம்ளர் தண்ணியில ஆட்டாம தொங்கவிடுங்க. வெட்டின முனையையே பாருங்க.

சத்துவாச்சாரி: ஐயோ, அஞ்சு நிமிஷத்துல பால் நூல் மாதிரி இறங்குது! இதே கத்தியாலதான் போன வாரம் எல்லாச் செடியிலயும் பக்கக் கிளை எடுத்தேன்.

குடியாத்தம்: அப்போ பாக்டீரியா வாடலேதான். அந்தச் செடி பிழைக்காதும்மா, எந்த மருந்துக்கும் காசு செலவு பண்ணாதீங்க. பையோட கீழ இறக்கிடுங்க. செடியை உரக்குழியில மட்டும் போட்டுடாதீங்க. கத்தியை ஸ்பிரிட்ல துடைங்க. அந்தப் பையில வடியிற தண்ணி அடுத்த பைக்குப் போகுதான்னும் பாருங்க. போன தடவை அதுல என்ன வெச்சீங்க?

சத்துவாச்சாரி: இலவம்பாடி முள்ளுக் கத்தரிங்க. அதுலயும் ரெண்டு செடி இப்படித்தான் போச்சு. வேர்ப்புழுன்னு நினைச்சு அதே மண்ணைக் கிளறி எல்லாப் பையிலயும் பிரிச்சுப் போட்டேன் 🤦

குடியாத்தம்: சரியாப் போச்சு! கத்தரி, தக்காளி, மிளகாய், உருளை எல்லாம் ஒரே குடும்பம், ஒண்ணோட நோய் இன்னொண்ணுக்கும் வரும். மீதிச் செடிக்கு சூடோமோனாஸ்ங்கிற நன்மை செய்யுற பாக்டீரியாவைக் கரைச்சு வேர்ல ஊத்துங்க. நோய் வராததுக்குக் கொஞ்சம் காவல், அவ்வளவுதான். இந்த மண்ணுல இனிமே கீரை, வெண்டை போடுங்க. கத்திரி வெயில்ல நனைச்சு, கண்ணாடி பாலித்தீன் போட்டு மூடி ஒரு மாசம் வெச்சா கிருமி குறையும். அடுத்த முறை புது மண்ணுல அர்கா ரக்ஷக் வைங்க, இந்த வாடலைத் தாங்குற ரகம்.

காட்பாடி: சுண்டைக்காய் வேர்ல தக்காளியை ஒட்டுக் கட்டுறவங்களும் இருக்காங்க. சந்தேகம் தீரலைன்னா செடியை வேரோட கவர்ல கட்டி விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துல காட்டுங்க.

சத்துவாச்சாரி: ஒண்ணை இறக்கியாச்சு. இன்னிக்கு மதியம் மூணாவது பையும் லேசா தலை சாயுது. அதையும் இப்பவே எடுத்துடவா?

குடியாத்தம்: டம்ளரை எடுங்க. நூல் இறங்கினா எடுத்துடுங்க.