பின்மூடியைத் திறக்கலாமான்னு கேட்டுப் பாருங்க: விலை உயர்ந்த வாட்ச் வாங்கிய நம்ம ஊர் அனுபவங்கள்

திருப்பூரிலிருந்து:

செகண்ட் ஹேண்ட்ல ரோலக்ஸ், ஒமேகா தேடறவங்களுக்கு ஒண்ணு சொல்லணுமுங்க. டப்பாவையும் கார்டையும் பார்த்து மனசை விட்டுராதீங்க. காசு கொடுக்கறதுக்கு முந்தி, நமக்குத் தெரிஞ்ச ரிப்பேர்காரர் மேஜையில வெச்சு செயினைக் கழட்டிப் பின்மூடியைத் திறந்து பார்க்கலாமான்னு கேளுங்க. விக்கறவர் அதுக்கு என்ன பதில் சொல்றாருங்கறதுலயே பாதி தெரிஞ்சு போயிரும்.

தங்கச்சி கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக்கு ரோலக்ஸ் டேட்ஜஸ்ட் போடறதுன்னு வீட்டுல முடிவு பண்ணியிருந்தோம். ஸ்டீலும் தங்கமும் கலந்த மாடல், அப்பாவோட கூட்டாளிங்க பல பேர் கட்டறது. ஷோரூம்ல புதுசு கேட்டா விலையும் தாங்கலை, முகூர்த்தத்துக்குள்ள வரும்னு உறுதியும் கொடுக்கலை. அதனால பழைய 16233 மாடலைத் தேடினோம். அந்த மாடல் 1988-ல வந்தது, உள்ள 3135-ங்கற நம்பர் மிஷின். நல்லாப் பார்த்துக்கிட்டா இன்னொரு தலைமுறைக்கும் ஓடும்.

விளம்பரத்தைப் பார்த்துக் கூப்பிட்டதுல ஒருத்தர் பெங்களூர்ல இருந்து வந்தாரு. அவினாசி ரோட்டுல ஒரு ஓட்டல்ல உட்கார்ந்து பேசினோம். "1996 வாட்ச்ங்க, ஃபுல் செட்"னு பச்சை டப்பா, புக்கு, பிளாஸ்டிக் கார்டு எல்லாம் எடுத்து வெச்சாரு. கேட்ட விலை ஐந்தரை லட்சம். கார்டைப் பார்த்ததுமே எனக்கு இடிச்சுது. ரோலக்ஸ் பிளாஸ்டிக் கார்டு கொடுக்க ஆரம்பிச்சதே 2006 வாக்குலதான். அதுக்கு முந்தி எல்லாம் காகிதச் சான்றிதழ், சீரியல் நம்பரைப் பொடிப் பொடி ஓட்டையாக் குத்தியிருப்பாங்க. 1996 வாட்சுக்குப் பிளாஸ்டிக் கார்டு எப்படி வரும்?

மூஞ்சிக்கு நேரா எதுவும் கேட்காம, ஒப்பணக்கார வீதிப் பக்கம் அப்பா காலத்துல இருந்து நாங்க போற ரிப்பேர் கடைக்கு வரச் சொன்னேன். "மூடியைத் திறந்தா வாட்டர்ப்ரூஃப் போயிரும் சார்"னாரு. இதுல கொஞ்சம் உண்மை இருக்கு. திறந்தா ரப்பர் வளையத்தைப் பார்த்து, தேவைன்னா மாத்தி, பிரஷர் டெஸ்ட் பண்ணித்தான் மூடணும். அந்தச் செலவு என்னுதுன்னேன். செயினை மட்டும் கழட்ட ஒத்துக்கிட்டாரு.

ரிப்பேர்காரர் கண்ணுல லென்ஸை மாட்டிட்டு, ஊசி மாதிரி கருவியால ரெண்டு பின்னையும் அழுத்திச் செயினை எடுத்தாரு. அந்தக் கால ரோலக்ஸ்ல 6 மணிப் பக்கம், செயின் மாட்டற ரெண்டு கொம்புக்கும் நடுவுல சீரியல் நம்பர் இருக்கும். 12 மணிப் பக்கம் மாடல் நம்பர். நிஜ வாட்ச்னா அந்த எழுத்து வெட்டினது. லைட்டுக்குச் சாய்ச்சா ஒவ்வொரு கோடும் கூர்மையா மின்னும். இதுல மின்னவே இல்லை. லென்ஸை எங்கிட்டக் கொடுத்துப் பார்க்கச் சொன்னாரு. எழுத்துக்குள்ள எல்லாம் புள்ளி புள்ளியாச் சொரசொரன்னு, ஆசிட்ல அரிச்ச தடம். நம்பர் மட்டும் அந்த வருஷத்துக்கான T எழுத்துல ஆரம்பிச்சு 1996-க்குச் சரியா இருந்துச்சு. பண்ணினவன் அதைப் படிச்சுட்டுத்தான் பண்ணியிருக்கான்.

டயலோட அடியில "SWISS MADE"னு இருந்ததையும் காட்டினாரு. 1996-ல இருட்டுல ஒளிர்ற டிரிட்டியம் பூசின டயல், அதுக்கு அடையாளமா T எழுத்தும் சேர்ந்து இருக்கணும். ஆனா இதை மட்டும் வெச்சு டூப்ளிகேட்னு சொல்லிரக் கூடாதுங்க. கம்பெனி சர்வீஸ்ல புது டயல் மாத்தியிருந்தாலும் இப்படித்தான் வரும். அப்படிப்பட்ட வாட்ச் ஒரிஜினல்தான், பழசுக்குன்னு தேடறவங்க மட்டும் விலை குறைச்சுக் கேப்பாங்க.

"மூடியைத் திறக்கட்டுங்களா?"ன்னு ரிப்பேர்காரர் கேட்டதும், டிரெயினுக்கு நேரமாச்சுன்னு ஆள் வாட்சை எடுத்துப் பையில போட்டுட்டாரு.

கடைசியில வாங்கினது கோயமுத்தூர்ல ஒரு பெரியவர்கிட்ட. நான் தயங்கித் தயங்கிக் கேக்கறதுக்குள்ள அவரே, "உங்க ஆளுகிட்டயே கொண்டு போலாம் தம்பி, நானும் பார்த்து ரொம்ப நாளாச்சு"ன்னாரு. டப்பா தொலைஞ்சு போச்சாம். மடிச்சு மடிச்சுக் கிழியற மாதிரி ஓட்டை குத்தின காகிதம் இருந்துச்சு, பழைய சர்வீஸ் பில்லும் இருந்துச்சு. உள்ள அழுக்கில்லாத 3135. பணத்தை பேங்க்லயே அனுப்பி, சீரியல் நம்பரோட எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கிட்டோம். மாப்பிள்ளை தினமும் கட்டறாரு, அவர் கையில பார்க்கறப்ப எல்லாம் சந்தோஷமா இருக்கு.

கோயமுத்தூரிலிருந்து:

அண்ணா எழுதினது அத்தனையும் நியாயம். நான் ஒமேகா சீமாஸ்டரை அங்கீகாரம் பெற்ற கடையிலதான் வாங்கினேன். ஜிஎஸ்டி 18% சேர்த்து முழு விலை. எனக்கு அதுல வருத்தமே இல்லை. 5 வருஷ வாரண்டி, என் பேர்ல தேதி போட்ட கார்டு. சாவி திருகறப்ப பிடிக்குதுன்னு கொடுத்தேன், காசில்லாமச் சரி பண்ணிக் கொடுத்தாங்க.

கோபம் வந்தது வேற ஒரு ஷோரூம்ல. ரோலக்ஸ்ல ஸ்டீல் சப்மரைனருக்குப் பேர் கொடுக்கப் போனா, "முதல்ல ஒரு வைர நகை எடுங்க, அப்புறம் பார்க்கலாம்"ங்கற மாதிரியே பேசினாங்க. வேண்டாத நகைக்குக் கொடுக்கற காசும் வாட்ச் விலைதானுங்களே! கும்பிட்டுட்டு எழுந்து வந்துட்டேன். யாரும் இதுக்குத் தலையாட்டாதீங்க. காத்திருக்க முடிஞ்சா காத்திருங்க, இல்லைன்னா வேற மாடல் பாருங்க. ரோலக்ஸே 2022 டிசம்பர்ல இருந்து, தானே சோதிச்ச பழைய வாட்சுகளை 2 வருஷ கேரண்டியோட சில கடைகள்ல விக்குது. விலை கூடத்தான், ஆனா மூடியைத் திறக்கற கவலை அவங்களுது.

பணம் விஷயத்துலயும் கவனம். 2 லட்சமோ அதுக்கு மேலயோ விக்கறவர் ரொக்கமா வாங்கறது வருமான வரிச் சட்டப்படி தப்பு, பணத்தை வாங்கினவருக்கு அபராதம். 10 லட்சத்துக்கு மேல போற வாட்சுக்கு 2025 ஏப்ரல் 22-ல இருந்து கடைக்காரர் 1% டிசிஎஸ், அதாவது விக்கறப்பவே வசூலிக்கற வருமான வரி, பிடிக்கறாங்க. ரிட்டர்ன் போடறப்ப அதைக் கழிச்சுக்கலாம். "பில் வேண்டாம்னா குறைச்சுத் தர்றேன்"னு சொல்றவங்க பக்கமே போகாதீங்க. நாளைக்கு நாமளே விக்கப் போனா அந்தக் காகிதத்தைத்தான் கேப்பாங்க.

ஈரோட்டிலிருந்து:

நம்ம பக்கம் பாதிப் பேர் வெளிநாட்டுல இருந்து வர்ற ஒறம்பரைகிட்டத்தான் சொல்லி விடறாங்க. கோயமுத்தூர்ல இருந்து ஷார்ஜாவுக்கும் சிங்கப்பூருக்கும் நேரா விமானம் இருக்கறதால பேச்சு சுலபமா எழுந்துருது. கையில கட்டிட்டு வந்தா வரி இல்லைன்னு நினைக்கறது தப்புங்க. வரியில்லாம அனுமதிக்கற மதிப்பைத் தாண்டினா ஏர்போர்ட் கஸ்டம்ஸ் ரெட் சேனல்ல சொல்லிக் கட்டியே ஆகணும். என் மச்சான் துபாய்ல டூடர் பிளாக் பே வாட்ச் வாங்கிட்டு வந்து ஒழுங்கா வரி கட்டினாரு. கூட்டிப் பார்த்தா இங்க ஷோரூம் விலைக்குப் பக்கத்துல வந்துருச்சு. ஆனா வரி ரசீது கையில இருக்கு, 5 வருஷ வாரண்டி எந்த நாட்டுலயும் செல்லும். சுவிட்சர்லாந்து சேர்ந்த எஃப்டாங்கற ஐரோப்பிய வர்த்தகக் கூட்டமைப்பு நாடுகளோட நம்ம வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1-ல அமலுக்கு வந்தாச்சு. சுவிஸ் வாட்சுக்கு இறக்குமதி வரி கட்டங்கட்டமாக் குறையப் போறதால, இந்தக் கணக்கும் வருஷத்துக்கு வருஷம் மாறும்.

நம்மளே நல்ல வாட்சைக் கட்டிட்டு வெளிநாடு போனா, கிளம்பறப்பவே ஏர்போர்ட் கஸ்டம்ஸ்ல எக்ஸ்போர்ட் சர்ட்டிபிகேட் வாங்கிக்குங்க. திரும்பி வர்றப்ப அங்க வாங்கினதான்னு யாரும் கேட்க மாட்டாங்க.

கிரே மார்க்கெட், அதாவது கம்பெனி அங்கீகாரம் இல்லாம ஒரிஜினல் வாட்ச் விக்கற கடைன்னா முதல்ல கார்டை வாங்கிப் படிங்க. பங்காளி ஒருத்தர் வெளியூர்க் கடையில நல்ல தள்ளுபடியில புது வாட்ச் எடுத்தாரு. வாட்ச் ஒரிஜினல், அதுல குறையே இல்லை. ஆனா கார்டுல தேதி இடம் காலி. வாட்ச் நின்னு போனப்ப கம்பெனி சர்வீஸ் சென்டர்ல வாரண்டி இல்லைன்னுட்டாங்க. கடைக்காரர் கொடுத்த "கடை வாரண்டி"யை நம்பிப் போனா, இன்னிக்கு நாளைக்குன்னு இழுத்தடிச்சுட்டு அங்கயும் கை விரிச்சுட்டாங்க. கடைசியில சொந்தக் காசுதான். தள்ளுபடி எவ்வளவுன்னு கேக்கறதுக்கு முந்தி கார்டு எப்படி இருக்குன்னு கேளுங்க.

அண்ணா, ஒரு சந்தேகமுங்க. ரிப்பேர் கடையில மெஷின்ல வெச்சுப் பார்க்கறாங்களே, அதுல எதைப் பார்க்கணும்?

திருப்பூரிலிருந்து:

டைம்கிராஃபர்ங்க அது. மைக் மேல வாட்சை வெச்சா டிக் டிக் சத்தத்தைக் கேட்டு மூணு கணக்கு சொல்லும். ஒரு நாளைக்கு எத்தனை செகண்ட் கூடுது குறையுதுங்கறது ஒண்ணு. உள்ள அப்படியும் இப்படியும் ஆடற பேலன்ஸ் சக்கரம் எத்தனை டிகிரி ஆடுதுங்கறது ரெண்டாவது. ரெண்டு பக்கமும் சமமா ஆடுதாங்கறது மூணாவது. டயல் மேல பார்த்து இருக்கறப்ப 270, 280 டிகிரி ஆடினா நல்ல ஆரோக்கியம். முழுசாச் சாவி கொடுத்தும் 200-க்குக் கீழ போனா ஆயில் காஞ்சிருக்கு, சர்வீஸ் செலவு காத்திருக்கு. அதைக் கழிச்சுட்டு விலை பேசுங்க. ஆனா அந்த மெஷினுக்கு ஒரிஜினல் டூப்ளிகேட் தெரியாது. இப்ப வர்ற நகல் மிஷினும் நல்லாவே நேரம் காட்டுது. அதனால லென்ஸைத்தான் நம்பணும்.

பொள்ளாச்சியிலிருந்து:

லட்சக்கணக்குல இல்லாட்டியும் இதையும் சேர்த்துக்குங்க. அப்புச்சி கட்டின ஃபேவர் லூபா ஒண்ணு வீட்டுல இருக்கு. அதுக்கு ஜோடியா அம்மிச்சிக்கு ஒண்ணு தேடறேன். ஆன்லைன்ல வர்றதெல்லாம் டயல்ல புதுசா பெயிண்ட் அடிச்சு, சிவப்பு, பச்சைன்னு பளபளன்னு நிக்குது, எச்எம்டியிலயும் இதே கதை. உள்ள எந்த வாட்ச் மிஷினோ! போட்டோவுல மூடியைத் திறந்து காட்டச் சொன்னா இதுவரைக்கும் ஒருத்தர்தான் காட்டினாரு. மிஷின் மேல கம்பெனி முத்திரை தெளிவாத் தெரியுது, டயல்ல வயசுக்கான மஞ்சள் இருக்கு. அட்வான்ஸ் கொடுக்காம, ஞாயித்துக்கிழமை அவர் ஊருக்கே நேர்ல போறேன்.