பெரியப்பாவின் பட்டறையும் பிரா ஆறும்

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியை அண்டியிருந்த பெரியப்பாவின் நகைப் பட்டறையில், விடுமுறை நாட்களில் நான் துருத்தி ஊதியிருக்கிறேன். தைப்பொங்கலுக்கு முன்னர் அவர், ஆண்டு முழுவதும் கூட்டிச் சேர்த்த தூசியையும் உமிச் சாம்பலையும் நீரில் அரித்து, அடியில் தங்கிய கறுப்பு மண்ணில் பாதரசத்தை விட்டு உள்ளங்கையால் பிசைவார். மண்ணை விட்டுவிட்டுத் தங்கத்துகளை மட்டும் பற்றிக்கொள்ளும் அந்த இரசத்தைப் பழைய வேட்டித் துணியில் பிழிந்தால், வெள்ளிநிற உருண்டையொன்று எஞ்சும். அதை ஓட்டில் வைத்து ஊதுகுழலால் சூடாக்க, பாதரசம் ஆவியாகி மஞ்சள் பொட்டாகத் தங்கம் தெரியும். அதைப் பார்ப்பதற்காகச் சிறுவர்கள் நாங்கள் முகத்தை நீட்டிக்கொண்டு நிற்போம். அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆதலால் எவரும் எங்களை விலகச் சொல்லவில்லை.

பல ஆண்டுகளின் பின்னர் குடிநீர்த் திட்டமொன்றில் பணியாற்றக் கானாவுக்குச் சென்றபோது, பிரா ஆற்றங்கரையில் அதே பிசைதலையும் அதே பிழிதலையும் கண்டேன். ‘கலம்சே’ என்று அங்கு அழைக்கப்படும் அனுமதியற்ற தங்க அகழ்வினால் ஆறு செம்மண் குழம்பாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தாய், முதுகில் குழந்தையைக் கட்டியபடி, சோறு சமைக்கும் அடுப்பிலேயே உருண்டையைச் சுட்டுக்கொண்டிருந்தார். 357 பாகை செல்சியசில் கொதிக்கும் பாதரசம் மூச்சோடு நுரையீரலுக்குள் சென்று நரம்பையும் சிறுநீரகத்தையும் தாக்குகிறது. ஆற்றில் சேர்வதையோ சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் மெதைல் பாதரசமாக மாற்ற, அது மீனின் வழியாகக் கருவிலுள்ள பிள்ளை வரை சென்றடைகிறது. 1956இல் ஜப்பானின் மினமாட்டாவில் வெளிப்பட்ட நோய்க்குக் காரணம், தொழிற்சாலைக் கழிவிலிருந்து வந்த இதே நஞ்சுதான்.

அந்தத் தாயை என்னால் குறைகூற முடியவில்லை. பாதரசம் மலிவானது, காலையில் அள்ளிய மண்ணை மாலைக்குள் பணமாக்கித் தருவது. 2017இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை, திறந்தவெளியிலும் குடியிருப்புகளிலும் இவ்வாறு சுடுவதை ஒழிக்க வேண்டும் என்கிறது. ஆயினும் மாற்றுவழி கைக்கு எட்டாதவரிடம் தடையை மட்டும் நீட்டுவது நியாயமாக எனக்குப் படவில்லை. பிலிப்பைன்சின் பெங்கெட் மாகாணத்தில் சிறு அகழ்வாளர்கள் பாதரசத்தை விட்டு, செறிவாக அரித்தெடுத்த மண்ணை வெண்காரம் சேர்த்து உருக்கித் தங்கத்தைப் பிரிக்கிறார்கள் என்று அறிந்தபோது நெஞ்சு கனத்தது. பெரியப்பாவின் பற்றவைப்புப் பெட்டியில் வெண்காரம் எப்போதும் இருந்தது.

இறுதிக் காலத்தில் அவரது கை நடுங்கியது; சாமணத்தைப் பிடிக்க இயலவில்லை. முதுமை என்றார்கள். பாதரசந்தான் காரணமென்று நான் சொல்லமாட்டேன், எவரும் பரிசோதித்ததில்லை. ஆனால் அரித்த நீரை நாங்கள் வாழையடியில் ஊற்றினோம். அங்கிருந்து சில முழத்தில் கிணறு. நம்முடைய சுண்ணக்கல் நிலம் ஊற்றியதை வடிகட்டி வைத்துக்கொள்வதில்லை. சென்ற மாதம் தம்பியிடம் கூறி, அந்தக் கிணற்று நீரையும் அடிச்சேற்றையும் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம். முடிவு வரும்வரை பிள்ளைகளுக்கு வேறு கிணற்றிலிருந்து தண்ணீர் எடுக்கிறார்கள்.