சூரை வாங்கிய வேளை

போன வைகாசியில் ஊருக்கு வந்திருந்தபோது நடந்தது. காரைக்குடிச் சந்தைக்கு நான் போய்ச் சேரவே மதியம் ஒரு மணி. வஞ்சிரம் தீர்ந்துவிட்டது, இருந்திருந்தாலும் அந்த விலைக்கு வாங்கியிருக்க மாட்டேன். ஓரத்தில் சாக்கின் மேல் நாலைந்து சூரை கிடந்தன. முதுகின் பின்பாதியில் சாய்வான கோடுகள், நெஞ்சுத் துடுப்புக்குக் கீழே மை தொட்ட விரலால் ஒற்றியது போல் கறும்புள்ளிகள். விடியற்காலையில் தொண்டியிலிருந்து வந்தவையாம். ஐஸ் ஒரு துண்டுகூட இல்லை.

அப்பத்தா பையைத் திறந்து பார்த்துவிட்டு, "இந்த வேளையிலா சூரை வாங்குவது?" என்றார். நான்தான் பிடிவாதமாகக் குழம்பு வைக்கச் சொன்னேன். அவர் தொடவில்லை.

முதல் வாயிலேயே நாக்கில் சுருக்கென்றது. நம் வீட்டு மிளகுதானே என்று இன்னும் இரண்டு துண்டு போட்டுக்கொண்டேன். அரை மணி நேரத்தில் முகமும் கழுத்தும் செக்கச்செவேல் என்றாகி, அரிப்பும் தலைவலியும் வந்துவிட்டன. மருத்துவர் முதலில் கேட்டது என்ன மீன் என்பதைத்தான். சூரைச் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகமாம். வெயிலில் கிடந்தால் பாக்டீரியா அதை, இப்படிச் சிவப்பும் அரிப்பும் உண்டாக்கும் ஹிஸ்டமினாக மாற்றிவிடுமாம். எவ்வளவு கொதித்தாலும் அது அழியாது என்றார். மாத்திரை போட்டதும் இரவுக்குள் அடங்கிவிட்டது.

—

அண்ணன் மேலே சொன்ன அதே சிவப்பு எனக்கும் வந்தது. மீனே ஒத்துக்கொள்ளாது என்று நானாகவே முடிவுகட்டி, வருடக்கணக்கில் அயிரையைக்கூட ஒதுக்கினேன்! பிறகு தொண்டியில் அத்தை வீட்டில், கரைக்கு வந்த கையோடு வாங்கி ஐஸில் வைத்த சூரையில் புட்டு செய்தார்கள். நடுவில் ஓடும் கறுத்த சதையை அரிந்து எடுத்துவிட்டு, மஞ்சள் போட்டு அவித்து, உதிர்த்து, சின்ன வெங்காயத்தோடு வதக்கியது. ஒன்றும் செய்யவில்லை. தேவகோட்டையில் இன்றும் நான் சூரை வாங்குவதில்லை. அத்தை வீட்டில் மட்டும் மறுப்பதில்லை.

—

எங்கள் ஐயா கொழும்பில் கடை வைத்திருந்தவர். வரும்போதெல்லாம் மாசி கொண்டுவருவார். அதுவும் சூரைதான்: மாலத்தீவிலும் லட்சத்தீவின் மினிக்காயிலும் வரிச்சூரையை அவித்து, புகையூட்டி, வெயிலில் காயவைப்பார்கள். விறகுத்துண்டு போல் இருக்கும். ஆயா அதை உரலில் இடித்துச் சம்பலில் போடுவார். சின்னப் பிள்ளையில் ஒருமுறை கடித்துப் பார்த்து, ஆடிக்கொண்டிருந்த பல் அதிலேயே நின்றுவிட்டது.