தட்டோரம் ஒதுங்கும் லீக்ஸ்

கந்தப்பளையிலிருந்து:

இலங்கை மலைநாட்டில், கதவைத் திறந்தால் தடித்த வெங்காயத்தாள் மாதிரியான லீக்ஸ், கரட், கோவா (முட்டைக்கோஸ்) என்று பாத்தி பாத்தியாகத் தெரியும் இடத்தில்தான் இருக்கிறோம். ஆனால் எங்கள் வீட்டில் மரக்கறி தின்ன ஆள் பிடிப்பது பெரும்பாடு. வீட்டுக்காரருக்கு உறைப்பு இல்லாவிட்டால் சோறு இறங்காது. ஆறு வயது மகளுக்கு உறைப்பு பட்டாலே கண் கலங்கிவிடும். மாமிக்குப் பாதிப் பல் கிடையாது. மகன் பச்சையாக எதைக் கண்டாலும் விரலால் தட்டோரம் தள்ளிவிட்டுப் பருப்பை மட்டும் பிசைந்து தின்பான். ஆளுக்கொரு கறி என்று இரண்டு வருசம் மாரடித்தேன். விடிய நாலரைக்கு எழும்பி மூன்று சட்டி வைத்தால் வேலைக்கும் பிந்துகிறது, கழுவவும் ஆள் இல்லை.

ஒரு நாள் லீக்ஸை வட்டம் வட்டமாக அரிந்து, பிறகு தண்ணீரில் அலசி, வதக்கி வைத்தேன். மாமி ஒரு வாய் வைத்தார். கறுக்கென்று சத்தம். ஒன்றும் பேசவில்லை. வாயிலிருந்து ஒரு பொடிக்கல்லை எடுத்துத் தட்டின் விளிம்பில் வைத்துவிட்டு மறுபடி சாப்பிட ஆரம்பித்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மறுநாள் அவரே பக்கத்தில் நின்று சொல்லித் தந்தார். தண்டு வெள்ளையாக நீளட்டும் என்று லீக்ஸ் வளர வளர அடியில் மண் அணைப்பார்கள். அந்த மண்தான் மடலுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதனால் வேரை வெட்டாமல், அடியில் இரண்டு அங்குலம் விட்டு நுனி வரை நீளமாகக் கீற வேண்டும். அப்படியே தலைகீழாகப் பிடித்து, மடல்களை விசிறி மாதிரி விரித்துக் குழாயடியில் காட்டினால் மண் ஓடிவிடும். அரிவதெல்லாம் அதற்குப் பிறகு.

இப்போது நான் செய்வது இதுதான். இரண்டு உருளைக்கிழங்கைச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு வெட்டி, கடுகு, கறிவேப்பிலை, வெங்காயத்தோடு எண்ணெயில் போட்டு மூடி வைப்பேன். முக்கால் பதம் வெந்ததும் மஞ்சள், உப்பு, மூன்று லீக்ஸ். அதற்கு மேல் மூடியும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. ஐந்து நிமிடம் பிரட்டினால் போதும். மூடி வைத்து வேகவிட்டால் பச்சை செத்துச் சாணி நிறத்துக்கு வந்துவிடும், மகன் எட்டியும் பார்க்கமாட்டான். இறக்கியதும் மகளுக்கும் மாமிக்கும் எடுத்து வைத்துவிட்டு, மீதியில் மிளகாய்த் தூள் போட்டுப் பிரட்டுவேன். ஒரே சட்டி. நீங்களெல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

அட்டனிலிருந்து:

தங்கச்சி, எல்லாம் சரி, அந்தக் கடைசி மிளகாய்த் தூள்தான் சரியில்லை. வெந்த கறியில் தூளைக் கொட்டினால் பச்சை வாசம் அடிக்கும், தொண்டையிலும் காறும். உங்கள் வீட்டுக்காரர் வாயைத் திறக்காமல் சாப்பிடுகிறார் என்றால் நல்ல மனுசன்தான். அதற்குப் பதிலாக இடித்த செத்தல் மிளகாயை இரண்டு கரண்டி எண்ணெயில், சிறு நெருப்பில், கறுக்க விடாமல் ஒரு பொரி பொரித்து எண்ணெயோடு ஊற்றிப் பாருங்கள். பத்து விநாடிக்கு மேல் விட்டீர்களோ, வீடே இருமும். எனக்கு அது நடந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர்களும் சேர்ந்து இருமினார்கள்.

நான் இப்போது கறியில் உறைப்பே போடுவதில்லை. இது எங்கள் அப்பாயியின் வழி. தோட்டத்து லயத்துக் காம்பராவில் (வரிசை வீட்டு அறையில்) ஒரு அடுப்பு, ஆறு பேர். தேயிலை மலைக்கு வேலைக்குப் போகுமுன் கோதுமை மா ரொட்டியும் ஒரு கறியும் முடிய வேண்டும். அப்பாயி கறியைத் தேங்காய்ப் பால் விட்டு வெள்ளையாக இறக்கிவிடுவார். செத்தல் மிளகாய், வெங்காயம், உப்பு மூன்றையும் அம்மியில் வைத்துத் தட்டி, தேசிக்காய் பிழிந்து, கட்டச் சம்பலாக ஒரு சிரட்டையில் வைப்பார். வேண்டியவர் தொட்டுக்கொள்வார். சின்னப் பிள்ளைகள் சிரட்டைப் பக்கமே போகமாட்டோம். எந்த வயதில் முதலில் தொட்டோம் என்பதே எங்களுக்குள் ஒரு பெருமைப் பேச்சு. என் தம்பி ஐந்து வயதிலேயே தொட்டதாகச் சொல்லுவான், பொய்.

நுவரெலியாவிலிருந்து:

நான் மாத்தளையில் வளர்ந்தவன், வேலைக்காக இங்கே வந்தேன். அங்கே அம்மா மைசூர்ப் பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு வாசல் கூட்டி முடிப்பதற்குள் அது கரைந்திருக்கும். இங்கே வந்து முதல் கிழமை நானே வைத்தேன். முக்கால் மணி நேரம் ஆகியும் பருப்பு பருப்பாகவே கிடந்தது. பழைய பருப்பைத் தலையில் கட்டிவிட்டார் என்று கடைக்காரரோடு சண்டைக்கே போனேன். பாவம் மனுசன்.

அப்புறம் பக்கத்து அறையில் இருந்த விஞ்ஞான ஆசிரியர் சிரித்துக்கொண்டே விளக்கினார். நுவரெலியா கடல் மட்டத்துக்கு மேலே ஏறத்தாழ 1,870 மீற்றர். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும், தண்ணீர் கொதிக்கும் வெப்பமும் குறையும். 300 மீற்றருக்கு ஒரு பாகை என்று வைத்துக்கொள்ளலாம். இங்கே தண்ணீர் கொதிப்பது 94 பாகைக்குப் பக்கத்தில்தான். எவ்வளவு நெருப்பை எரித்தாலும் திறந்த சட்டியில் அதற்கு மேல் ஏறாது, தண்ணீர்தான் வற்றும். பிரஷர் குக்கர் என்றால் அந்தக் கதை இல்லை.

ஆனால் பாதித் தப்பு என்னுடையது. தக்காளியையும் கொறுக்காய்ப் புளியையும் முதலிலேயே பருப்போடு போட்டிருந்தேன். புளிப்பு சேர்ந்தால் பருப்பு இறுகிக்கொள்ளும். இப்போது பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்து, ஒரு கோப்பைக்கு மூன்று கோப்பை தண்ணீர் விட்டு, மஞ்சளும் உள்ளியும் மட்டும் போட்டு வேகவிடுகிறேன். பருப்பு உடைந்த பிறகுதான் தக்காளி.

வீட்டில் எல்லோரும் சாப்பிட வேண்டுமே, அதற்கு ஒரு திருட்டுத்தனமும் செய்கிறேன். நோக்கோலை (நூல்கோலை) எடுத்துத் தோல் கனமாகச் சீவி (மேலாகச் சீவினால் நார் நாராக வாயில் நிற்கும்), கிழங்கு மாதிரிச் சதுரமாக வெட்டிப் பருப்போடு சேர்த்து வேகவிடுவேன். என் மகன் இன்றுவரைக்கும் அதைக் கிழங்கு என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறான். நோக்கோல் பிடிக்காது என்று பள்ளிக்கூடத்தில் எழுதியும் கொடுத்திருக்கிறான்.

பண்டாரவளையிலிருந்து:

பிள்ளைகளே, அட்டன் பிள்ளை தேங்காய்ப் பால் விட்ட கறியைப் பற்றிச் சொன்னாள். தேங்காய் நமக்குக் கீழ்நாட்டிலிருந்து, குருணாகல், புத்தளம் பக்கத்திலிருந்து மலை ஏறி வர வேண்டிய சாமான். 2025 தொடக்கத்தில் ஒரு காய் 200 ரூபாயைத் தாண்டியபோது நான் பால் கறியையே நிறுத்திவிட்டேன். அப்போது பழகியதுதான் இது: அரை மூடித் தேங்காய் போதும். இரண்டாம் பாலில் மரக்கறியை வேகவிட்டு, கெட்டிப் பாலைக் கடைசியில் ஊற்றி, ஓரத்தில் குமிழ் வரும்போதே இறக்கிவிட வேண்டும். தளதளவென்று கொதிக்கவிட்டால் பால் திரிந்து எண்ணெய் வேறாக, தண்ணீர் வேறாக நிற்கும். பீட்ரூட்டை அப்படி வைத்தால் குழம்பு ரோசாப்பூ நிறத்தில் இருக்கும். பேத்தி அந்த நிறத்துக்காகவே சோற்றைப் பிசைவாள். உள்ளே போகிறதே, எதற்காகப் போனால் என்ன.

கோவாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022இல் கேஸ் இல்லாமல் வரிசையில் நின்றோமே, அப்போது கவ்வாத்து வெட்டிய தேயிலை மலையிலிருந்து மிலாறு, அதாவது வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சி, கட்டிக் கொண்டுவந்து எரித்தோம். மிலாறு சடசடவென்று பிடித்து, சீக்கிரம் எரிந்து முடிந்துவிடும். நின்று நிதானமாக வேகவைக்க நேரம் கிடைக்காது. அதனால் கோவாவை நூல் மாதிரி அரிந்து வைத்துக்கொண்டு, எரிகிற வேகத்துக்கே நாலு பிரட்டுப் பிரட்டி, தேங்காய்ப் பூ தூவி இறக்குவேன். அதுவரை கேஸ் அடுப்பில் மூடிப்போட்டு இருபது நிமிடம் அவித்துக்கொண்டிருந்தவள் நான். வீடு பூராவும் ஒரு நாற்றம் அடிக்கும், பிள்ளைகள் மூக்கைப் பிடிப்பார்கள். கோவா நேரம் போகப் போகத்தான் நாறும். கேஸ் திரும்பி வந்த பிறகும் அந்த நாலு பிரட்டை விடவில்லை.

பதுளையிலிருந்து:

சந்தையில் இலையைக் கிள்ளி எறிந்துவிட்டுக் கிழங்கை மட்டும் வாங்கிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். பீட்ரூட் இலை, ராபு (முள்ளங்கி) இலை, நோக்கோல் இலை எல்லாம் சுண்டலுக்கு ஆகும். சுருட்டிப் பிடித்துப் பொடியாக அரிய வேண்டும். தேங்காய்ப் பூ, வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு போட்டு மூன்று நிமிடம். தேசிக்காய் மட்டும் இறக்கிய பிறகு. நெருப்பில் இருக்கும்போது பிழிந்தால் இலை மங்கிவிடும். சவ்சவ் சீவும்போது கை தோல் உரிகிறது என்கிறவர்கள் உள்ளங்கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தண்ணீருக்குள் வைத்துச் சீவுங்கள்.

மறுபடி கந்தப்பளையிலிருந்து:

அட்டன் அக்கா சொன்ன மாதிரி நேற்று இரவு செய்து பார்த்தேன். முதல் தரம் மிளகாய் கறுத்துவிட்டது, கொட்டினேன். இரண்டாவது தரம் சரியாக வந்தது. எண்ணெய் சிவப்பாக மேலே மிதக்க, வீட்டுக்காரர் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டார். "இத்தனை நாளும் இப்படிச் செஞ்சிருக்கலாமே" என்றார். அப்படியென்றால் இத்தனை நாளும் பச்சைத் தூள் வாசத்தை விழுங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். மகளுக்கு அதே சட்டியிலிருந்து உறைப்பில்லாத பங்கு. மகன் லீக்ஸில் பாதியைத் தின்றான், பாதி வழக்கம்போல ஓரத்தில். இன்றைக்குப் பருப்புக்குள் நோக்கோல் போட்டிருக்கிறேன், அவனிடம் நான் வாய் திறக்கவில்லை.

மாமி சாப்பிட உட்கார்ந்ததும் ஒரு லீக்ஸ் துண்டை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். திருப்பியும் பார்த்தார். "இன்னைக்கு கல்லு இல்ல" என்றார்.