பாண் பெட்டி தூக்க மெசின்: திருகோணமலை வெதுப்பகங்களுக்கு வேண்டுமா, வேண்டாமா?

சீனக்குடா_ஷிப்ட்:
எங்கள் வெதுப்பகத்தில் பாண் பெட்டிகளை அடுக்கவும் பலட்டில் (பெட்டி அடுக்கை அப்படியே தூக்கி நகர்த்தும் தட்டு) ஏற்றவும் மெசின் போடப் போகிறோம் என்று நிர்வாகம் சொல்லியிருக்கிறது. பொடியன்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்கிறார்கள். பன்னிரண்டு வருடமாக இரவு ஷிப்ட் பார்க்கிறவன் நான். மெசின் வரட்டும் என்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். ஒரு பெட்டியில் 12 பாண். 450 கிராம் வீதம் 5.4 கிலோ, வெறும் பெட்டி 2 கிலோ. ஒரு இரவில் 1200 பெட்டி போகிறது. பொதி மேசையிலிருந்து ஒரு தடவை, லொறிக்குள் ஒரு தடவை, இரண்டு தடவை தூக்குகிறோம். 17 டொன்னுக்கு மேல் வருகிறது. தூக்குவது ஆறு பேர். அடுக்கு பதினாலு பெட்டி உயரம், கடைசி இரண்டையும் தலைக்கு மேலே எக்கித்தான் வைக்க வேண்டும். போன மாதம் ஒரு தம்பி அப்படி எக்கின இடத்திலேயே தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். வயது 34. இன்னும் சட்டை போட ஒருவர் உதவ வேண்டியிருக்கிறது.

கிண்ணியா_லொறி:
அண்ணன், அந்தத் தம்பிக்காக மனம் வருந்துகிறேன். ஆனால் மெசின் வந்தால் அந்த ஆறு பேரில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? அதையும் எழுதுங்கள்.

2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரைக்கும் பாண் பெட்டியைப் பாதைப் படகில் ஏற்றி அக்கரையில் இறக்கினவன் நான். பாலம் வந்தது நல்லதுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் துறையடியில் சாமான் தூக்கிப் பிழைத்தவர்கள், தேத்தண்ணிக் கடை வைத்திருந்தவர்கள் பிறகு என்ன செய்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. இப்போதும் அப்படித்தான் நடக்கும்.

இன்னொன்று. பலட் உங்கள் வாசலோடு முடிகிறது. என் சின்ன லொறிக்குள் பலட் ஏறாது. கடைக்கடையாக நின்று கையால்தான் இறக்குகிறேன். பாட்டுப் போட்டபடி தெருத்தெருவாகப் பாண் விற்கிற சூன் பாண் ஓட்டோக்காரர்களுக்கும் அதே கதை.

சீனக்குடா_ஷிப்ட்:
நானா, சின்ன லொறிக்குப் பலட் உதவாது, சரி. ஆனால் எங்கள் பெட்டிகளில் பாதிக்கு மேல் பெரிய லொறியில் வெளியூர் ஸ்டோர்களுக்குப் போகிறது. அங்கே பலட்டோடு ஏற்றிப் பலட்டோடு இறக்கலாம்.

வேலை பற்றி: 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஆள் குறைக்க வேண்டுமென்றால் தொழிலாளி எழுத்தில் சம்மதிக்க வேண்டும், இல்லாவிட்டால் தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் அது. நினைத்தபடி யாரையும் வீட்டுக்கு அனுப்ப முடியாது.

கிண்ணியா_லொறி:
சட்டம் உங்களைப் போல நிரந்தர ஆட்களுக்கு. இரவில் பெட்டி தூக்குகிறவர்களில் பாதிப்பேர் மேன்பவர் (ஆள் அனுப்பும் கம்பனி) மூலம் வருகிறவர்கள். அவர்களை நிறுத்த ஒரு கடிதமும் தேவையில்லை. "நாளைக்கு வரவேண்டாம்" என்று ஒரு போன் போதும். அவர்கள் பெயர் உங்கள் கணக்கில் எங்கே இருக்கிறது?

உப்புவெளி_மெக்கானிக்:
நானும் இப்போதைக்கு வேண்டாம் என்கிற பக்கம்தான். காரணம் வேறு. அடுக்கிலிருந்து பெட்டியை ஒவ்வொன்றாகப் பிரிக்கிற மெசின் ஒன்றை வேறொரு உணவுத் தொழிற்சாலையில் இரண்டு வருடம் பராமரித்தேன். அந்த மெசினுக்கு ஒரே அளவான, நேரான பெட்டி வேண்டும். இரண்டு பக்கத்துப் பிடிகளும் பெட்டியின் விளிம்பைப் பிடித்து மேலேயுள்ள அடுக்கைத் தூக்கும், அடிப்பெட்டி மட்டும் கொன்வேயரில் போக வேண்டும். நம்முடைய பெட்டிகள் கடைக்குப் பின்னால் வெயிலில் கிடந்து வளைந்து வருபவை. ஒரு மூலை ஒரு சென்ரிமீற்றர் நெளிந்திருந்தாலும் கீழ்ப்பெட்டி கழலாமல் மேலதோடு சேர்ந்து எழும்பும். மெசின் நின்றுவிடும்.

கையால் செய்யும்போது ஒருவன் களைத்தால் இன்னொருவன் பிடிப்பான். மெசின் நின்றால் முழு வரிசையும் நிற்கிறது. போறணை (பாண் சுடும் அடுப்பு) நிற்குமா? உள்ளே இருக்கிற பாண் கருகும். ஏற்கெனவே வெளியே வந்தது சூட்டோடு குவியும், அதை ஆறவிடாமல் பொதி செய்தால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். நம் ஊர் ஈரக்காற்றில் சொல்லவே வேண்டாம்.

அப்புறம் உப்புக்காற்று. 304 ரக ஸ்டெயின்லெஸ் கூட இங்கே புள்ளி புள்ளியாகத் துரு காட்டுகிறது. துரு குறைவான 316 ரகம் கேட்டால் விலை ஏறும். மின்சாரமும் இருக்கிறது: 2025 பெப்ரவரி 9 நாடு முழுக்க இருண்டதே. ஜெனரேற்றர் பிடிக்கும் வரையிலான அந்த இடைவெளியில், அடுக்கைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிற மெசினுக்குக் கீழே யார் கையை விடுவது?

உவர்மலை_பொதிமேசை:
நான் பொதி மேசையில் நிற்கிறவள், பதினொரு வருடம். பெட்டி தூக்க முடியாது என்று சொல்லியே எனக்கும் மற்றப் பெண்களுக்கும் அனுப்புகிற பகுதியில் இடம் தரவில்லை. சம்பளம் கூட உள்ள பகுதி அதுதான். மெசினை ஓட்ட ஆள் வேண்டுமல்லவா? எங்களுக்குப் பழக்குங்கள். லொறி நானா வேலை போகும் என்கிறார். எங்களுக்கு அந்த வேலை வந்ததே இல்லை.

மெக்கானிக் அண்ணா சொன்ன பெட்டி விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. காலையில் திரும்பி வருகிற பெட்டிகளை வந்து பாருங்கள். எறும்பு, பல்லி முட்டை, சிலதில் மீன் செதில். கடைக்காரர் மீன் வாங்கிப்போக எடுத்த பெட்டி அது. நேற்று ஒன்றில் சூடை மீன் ஒட்டிக்கொண்டிருந்தது, நகத்தால் சுரண்டி எடுத்தேன். முதலில் கழுவுகிற மெசினைப் போடுங்கள், பலட் அடுக்குவது பிறகு.

சீனக்குடா_ஷிப்ட்:
தங்கச்சி சொல்வது எனக்குச் சரியாகப் படுகிறது. கழுவுகிற மெசினுக்கு வளைந்த பெட்டி பெரிய பிரச்சினை இல்லை, கழுவும் இடத்திலேயே நல்லதையும் கெட்டதையும் பிரித்துவிடலாம். ஆனால் மெக்கானிக் தம்பி, பெட்டி எல்லாம் நேராகும் வரை தோளால் தூக்கிக்கொண்டிரு என்று நான் அந்த ஆறு பேரிடம் சொல்ல முடியாது. அடுக்கை ஒன்பது பெட்டியோடு நிறுத்த வேண்டும், சில்லு வைத்த டொலி வேண்டும். இதற்கு நிர்வாகத்தின் பெரிய திட்டத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை, நாளைக்கே கேட்கிறேன்.

உப்புவெளி_மெக்கானிக்:
அதற்கு நான் எதிர்ப்பில்லை. அடுக்கு குறைந்தால் லொறியில் இடம் போகும், இன்னொரு ஓட்டம் கேட்பார்கள். அதற்கும் பதில் வைத்துக்கொண்டு போங்கள்.

கிண்ணியா_லொறி:
கழுவுகிற மெசின் வரட்டும், அக்காவுக்குப் பழக்கட்டும், சந்தோசம். பலட் மெசினுக்கு என் பதில் மாறவில்லை. மேன்பவர் பொடியன்கள் எத்தனை பேர், எந்த வேலைக்கு மாற்றப்படுவார்கள் என்று பெயர் பெயராக எழுதிக் கையெழுத்து வைத்துத் தரச் சொல்லுங்கள். அண்ணன், நாளைக்கு டொலி கேட்கப் போகும்போது அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

சீனக்குடா_ஷிப்ட்:
கேட்கிறேன் நானா. பட்டியலை இன்றிரவே எழுதுகிறேன். இப்போதைக்குச் சில பெயர் நினைவில் வருகிறது. இருவரின் முழுப்பெயரும் எனக்கே தெரியவில்லை.